அழுகைக்கு நாலு நிமிஷம் முன்னால்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். தூத்துக்குடியில் செல்வின் வீட்டில் மட்டும் பிள்ளை அழுவதற்கு நாலு நிமிஷம் முன்னாலேயே பால் வந்து நிற்கும். பால் மட்டுமா? பென்சில், பொம்மை, பேருந்தில் ஜன்னலோர இருக்கை, கேட்டது, கேட்காதது எல்லாம் வரும். செல்வின் ஒன்றும் பெரிய பணக்காரன் இல்லை. பேக்கரியில் முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, முந்திரிப்பொடி கலந்து மக்ரூன் சுடுகிறவன். ஆனால் எட்டு வயது மகள் ரூத்துக்காக அவன் ஒரு குட்டி ராஜ்யமே நடத்திக்கொண்டிருந்தான். அந்த ராஜ்யத்தில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. இளவரசி அழக்கூடாது.

விஷயம் ஒரு மச்சத்தில் ஆரம்பித்தது. செல்வினின் அப்பா வழியில் எல்லோருக்கும் உடம்பில் பால் தூக்கலான காப்பி நிறத்தில் திட்டுத்திட்டாக மச்சங்கள் இருக்கும். சிலருக்கு நாலு, சிலருக்குப் பத்து. குடும்பத்தில் அதற்குப் பெயரே ‘நம்ம வீட்டு முத்திரை’. மற்ற வீடுகளில் பிள்ளை பிறந்ததும் மூக்கு யாரைப் போல, கண் யாரைப் போல என்று பார்ப்பார்கள். இவர்கள் பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகைப் பார்ப்பார்கள். மச்சம் கூடக்கூட அதிர்ஷ்டம் கூடும் என்று நம்பிக்கை. ரூத் பிறந்தபோது செல்வினின் தம்பி ஜோயல்தான் எண்ணினான். “அண்ணே, எட்டு! உன்னையே தாண்டிட்டா!” என்று பிரசவ வார்டு அதிரக் கத்தினான். செல்வின் அன்றைக்கு வார்டு முழுக்க மக்ரூன் கொடுத்தான். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு ஒரு மச்சம்கூட இல்லை என்று கேள்விப்பட்டு, பாவமே என்று பரிதாபப்பட்டும் வைத்தான்.

ரூத்துக்கு நாலு வயது. கோயில் அசன விருந்தன்று ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது அவள் கையிலிருந்த பலூன் வெடித்தது. பலூன் வெடித்தால் எந்தப் பிள்ளையும் அழும். ரூத்தும் அழுதாள். மூச்சு வாங்க வாங்க அழுதவளின் இடது கை திடீரென்று ஈரத்துணி மாதிரித் தொங்கிப்போனது. வாய் ஒரு பக்கம் கோணியது. பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகி, சாம்பாரும் சோறும் கேட்டாள். “பிள்ள பிடிவாதத்துக்கு நடிக்கா” என்று ஒருவர் சொன்னார். அவருக்கு ரூத்தின் அம்மா ஷீபா கொடுத்த பதிலை ஊரில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். இங்கே எழுத முடியாது.

மதுரையில் மூளை வைத்தியம் பார்க்கும் டாக்டர் வஹிதாவும் ரூத்தைக் குப்புறப் படுக்கவைத்து மச்சத்தைத்தான் எண்ணினார். எண்ணி முடித்து அவர் வாழ்த்துச் சொல்லவில்லை.

“இது ஒரு மரபணுக் கோளாறு, செல்வின். உங்க குடும்பத்துல தலைமுறை தலைமுறையா வருது. நிறையப் பேருக்கு மச்சத்தோட நின்னுடும். சில பிள்ளைங்களுக்கு மட்டும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய குழாய்ங்க கொஞ்சங் கொஞ்சமா சுருங்கும்.”

“பலூனுக்கும் அதுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?” என்று கேட்டாள் ஷீபா. அவள் பள்ளிக்கூட டீச்சர். காரணம் தெரியாமல் எதையும் விடமாட்டாள்.

“பலூனுக்கு இல்லம்மா, அழுகைக்கு. தேம்பித் தேம்பி அழும்போது மூச்சு வேகவேகமா வெளிய போகுதில்லையா, அப்ப மூளைக்குள்ள நாளமெல்லாம் இறுகும். நமக்கு அது தெரியவே தெரியாது. இவளுக்கு ஏற்கெனவே நூலளவுதான் வழி. அதுவும் அடைபட்டா அந்தப் பக்கத்து மூளை பட்டினி கிடக்கும். கொஞ்ச நேரம் கிடந்தா கை திரும்ப வந்துடும். ரொம்ப நேரம் கிடந்தா வராது. உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.”

“ஆபரேஷன்?”

“உண்டு. நெத்திப்பொட்டுல ஓடுற நாளத்தை எடுத்து மூளை மேல படுக்க வெப்போம். அதுலேருந்து புதுசு புதுசா கிளை விடும். ஆனா இவ இருக்கிற நிலைமையில மயக்க மருந்தே தாங்க மாட்டா. மூணு வருஷமாவது போகணும்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் இவ அழக்கூடாது.”

செல்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு வயதுப் பிள்ளையை அழாமல் வளர்ப்பதும் கடலை அலையடிக்காமல் பார்த்துக்கொள்வதும் ஒன்றுதான் என்று கடற்கரைக்காரனுக்குத் தெரியாதா? சிரித்த வாய் மூடுவதற்குள் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் மேசைக்குள்ளிருந்து ஒரு பட்டையை எடுத்தார். பெண்பிள்ளைகள் முடி ஒதுக்கப் போடுகிற ஹேர்பேண்டு மாதிரித்தான் இருந்தது. உள்பக்கம் மட்டும் கடுகு கடுகாகச் சின்னக் கண்ணாடிப் புள்ளிகள்.

“நானும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து செஞ்சது. அழுகை கண்ணுக்கு வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே மூளையில தொடங்கிடுது. எங்க ரத்தம் கூடுது, எங்க குறையுதுன்னு இது பாத்துக்கிட்டே இருக்கும். அழுகை கிளம்பினது உறுதியானா, இதோட நான் தர்ற காப்பு உங்க கையில அதிரும். உங்களுக்கு நாலு நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள அந்த அழுகையை வேண்டாம்னு ஆக்கிடணும்.”

“எப்படி டாக்டர் ஆக்குறது?”

“அது மெஷினுக்குத் தெரியாது. பெத்தவங்கதான் கண்டுபிடிக்கணும்.”

கண்டுபிடித்தார்கள். ஷீபா வேலையை விட்டாள். ‘இல்லை’, ‘கூடாது’, ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்ற மூன்றையும் வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். சூடான சோற்றை ஊதினாலும் மூச்சு ஏறும் என்று சோறு, இட்லி, காப்பி எல்லாவற்றையும் விசிறிக்கடியில் ஆறவைத்துத்தான் கொடுத்தார்கள். பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி கிடையாது. விசில் கிடையாது. தாயம், கேரம், பாம்புக்கட்டம் எதுவானாலும் செல்வின் தோற்பான். பாம்புக்கட்டத்தில் தோற்பதற்குக் கொஞ்சம் கைவேலை வேண்டும். அதையும் பழகிக்கொண்டான்.

புருஷன் பெண்டாட்டி சண்டை இல்லாத வீடு உண்டா? சிரித்துக்கொண்டே சண்டை போடப் பழகினார்கள். “நான் சொன்னா உங்க காதுல ஏறவே ஏறாது, அப்படித்தான?” என்று ஷீபா பல் தெரியச் சிரித்தபடி கேட்பாள். “வாய மூடுதியா ஏளா” என்று செல்வின் தேனொழுகச் சொல்வான். நடுவில் உட்கார்ந்து ரூத் ஆறிப்போன இட்லியைச் சாப்பிடுவாள்.

தெருப் பிள்ளைகளுக்கும் மக்ரூன் கொடுத்து, ரூத்தோடு விளையாடினால் தோற்க வேண்டும் என்று சொல்லிவைத்தான். ஆறு மாதம் வந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். எதிர்வீட்டு எஸ்தரைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவள் மக்ரூனைத் திருப்பி நீட்டினாள். “வேண்டாம் மாமா. அவகூட வெளாண்டா தோத்துக்கிட்டே இருக்கணும். சப்புன்னு இருக்கு.”

முதல் வருஷம் காப்பு ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்குமேல் அதிர்ந்தது. அடுத்த வருஷம் நாலைந்து. மூன்றாவது வருஷம் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான். பிள்ளையை நாம் புரிந்துகொண்டுவிட்டோம் என்று இருவருக்கும் உள்ளூரப் பெருமை. அதற்குள் அந்தப் பட்டை கடைக்கே வந்துவிட்டது. ஒரு வியாதியும் இல்லாத பிள்ளைகளுக்கு, கலர் கலராக. சோதனைக்குப் போன ஒருநாள் வஹிதா கொதித்துப்போய் உட்கார்ந்திருந்தார். “சென்னையில ஒரு பள்ளிக்கூடத்துல சேரணும்னாலே பட்டை வேணுமாம் செல்வின், வகுப்பு அமைதியா இருக்குமாம். நான் நூத்தி இருபது நோயாளிப் பிள்ளைங்களுக்காகச் செஞ்சேன். இவங்க ஊரையே வாயடைக்கப் பாக்குறாங்க” என்றார். செல்வினுக்குத் தன் பிள்ளை உயிரோடிருந்தால் போதும்.

அந்த ராஜ்யத்தில் சட்டத்துக்கு அடங்காத ஒரே ஆள் ஜோயல். கொச்சியில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். மாதம் ஒருமுறை வருவான். வந்தால் ரூத்தைச் சீண்டுவான், பட்டப்பெயர் வைப்பான், ஜடையைப் பிடித்து இழுப்பான். செல்வின் கையிலும் ஷீபா கையிலும் காப்பு அதிரோ அதிரென்று அதிரும். ஓடி வருவார்கள். வருவதற்குள் அவனே அவளை விழுந்து விழுந்து சிரிக்கவைத்திருப்பான். ரூத்துக்குச் சித்தப்பா என்றால் உயிர்.

ரூத்துக்கு ஆறு வயது ஆனபோது கொச்சியிலிருந்து போன் வந்தது. ஜோயலுக்குத் தாங்கமுடியாத தலைவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார்கள். அதே நாளம்தான். சுருங்கிச் சுருங்கி, ஒருநாள் பக்கத்துச் சின்ன நாளம் வெடித்துவிட்டது. அவனுக்கு மூன்றே மூன்று மச்சம். அதனால் அவனைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு நாள் பக்கத்திலேயே நின்ற செல்வின், மூன்றாம் நாள் தம்பியை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தான். ஷீபா ரூத்தை நாகர்கோவிலில் அக்காள் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். எல்லாம் முடிந்து அவர்கள் திரும்பி வந்த அன்று செல்வின் முகம் கழுவி, பவுடர் போட்டு, சிரித்துக்கொண்டே வாசலில் நின்றான்.

“சித்தப்பாக்குக் கப்பல்லயே வேலை கெடச்சிட்டு ரூத்து! உலகம் பூரா சுத்தப்போறாரு. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் சிக்னல் கிடைக்குமாம். போன் பண்ணுவாரு.”

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல். போனில் பெற்றவளே ஏமாந்திருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் கோயில் முடிந்து வந்ததும், பேக்கரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செல்வின் மாடிக்குப் போவான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, பத்தேகாலுக்கு, கீழே இருக்கும் மகளுக்குத் தம்பியாகப் போன் பேசுவான்.

“இது பாவமில்லையா?” என்று ஷீபா கேட்டாள். அன்றைக்கு அவளால் சிரித்துக்கொண்டு கேட்க முடியவில்லை.

“அழுதா செத்துருவா ஷீபா. பொய் சொல்லி யாரும் செத்ததில்ல.”

உண்மையைச் சொன்னால் அந்தப் பதினைந்து நிமிஷம் அவனுக்கும் வேண்டியிருந்தது. ஜோயலின் சிரிப்பைச் சிரிக்கும்போது ஜோயல் எங்கேயோ இருக்கிறான் என்று தோன்றும். தம்பிக்காக அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விட எங்கே நேரமிருந்தது?

ஏழு வயதில் ரூத்துக்கு அறுவை நடந்தது. இரண்டு பக்கமும் நாளம் படுக்கவைத்துத் தைத்தார்கள். வலது பக்கம் செழிப்பாகக் கிளை விட்டது. இடது பக்கம்தான் இழுபறி. ஒரு வருஷம் கழித்து மதுரைக்கு வரச்சொன்ன டாக்டர் வஹிதா, சுற்றிவளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

“படத்துல பாத்தா இடது பக்கம் போதும்னும் சொல்லலாம், போதாதுன்னும் சொல்லலாம். போதாதுன்னா திரும்பத் தலையைத் திறக்கணும். போதும்னா இன்னைக்கே பட்டையைக் கழட்டிடலாம். ஒரே ஒரு வழிதான் இருக்கு. அவ அழணும்.”

ஷீபா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள்.

“இங்க அழணும்மா, என் கண்ணு முன்னாடி. மருந்து, ஆக்சிஜன், ஆள் எல்லாம் தயாரா இருக்கு. காத்தாடி ஊதச் சொல்லிப் பாத்தேன், தேறிட்டா. ஆனா ஊதுறது மூச்சு மட்டும்தான். அழுகையில மனசும் சேர்ந்து ஏறும். ரெண்டு நிமிஷம் போதும். அழும்போது அந்தப் பக்கத்துக்கு ரத்தம் போகுதா நிக்குதான்னு தெரிஞ்சுடும்.”

இதற்குப் போயா கவலை, எட்டு வயதுப் பிள்ளையை அழவைப்பது ஒரு வேலையா என்று நீங்கள் நினைக்கலாம். அங்கே இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ரூத்தைப் பட்டையோடு ஒரு சாய்வுக் கட்டிலில் படுக்கவைத்து, தலைக்குமேல் ரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் வெள்ளைக் கவிகையைப் பொருத்தினார்கள். எதிர்ச் சுவரில் நீலக்கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் இடது பக்கத்து ரத்தம். நர்ஸ் முதலில் அவள் பொம்மையைப் பிடுங்கினாள். “ஒங்களுக்கு வேணுமா? வச்சுக்கிடுங்கக்கா” என்றாள் ரூத். ஊசியைக் காட்டினார்கள். கையை நீட்டினாள். தாயைப் பிரிந்த யானைக்குட்டியின் படம் போட்டார்கள். படம் பார்த்த நர்ஸ் மூக்கை உறிஞ்ச, ரூத் தன் கைக்குட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தாள். கடைசியில் ஷீபா மனதைக் கல்லாக்கிக்கொண்டு பக்கத்தில் போய், “ஏட்டி, இனிமே உன்கிட்ட பேசமாட்டேன்” என்றாள். “சரிம்மா” என்று சிரித்தாள் பிள்ளை. ஷீபாதான் வெளியே ஓடிவந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

வஹிதா செல்வினைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் நாலு வருஷத்துப் பதிவைத் திறந்து வைத்திருந்தார்.

“காப்பு எப்ப அதிரும் தெரியுமா? அழுகை கிளம்பி ஒரு நிமிஷம் நிலைச்சாத்தான். சும்மா சும்மா பயமுறுத்தக்கூடாதுன்னு அப்படி வெச்சோம். நானும் இத்தனை நாள் அதிர்ந்ததை மட்டும்தான் பாத்தேன். அது என் தப்பு. இன்னைக்குத்தான் அதிராததைப் பாக்குறேன்.” திரையில் விரலை வைத்தார். “இதோ, கிளம்புது. ஒரு நிமிஷத்துக்குள்ள தானா அடங்குது. இது, இது, இது. போன வருஷம் மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் தடவை.”

“அப்படின்னா?”

“நீங்க ரெண்டு பேரும் அவ அழுகையைத் தடுக்கல, செல்வின். அவளே தடுத்துக்கிட்டா.”

டாக்டர் நிறுத்தவில்லை.

“இன்னொண்ணு. எல்லாத்தையும்விடப் பெரிய இறக்கம் வாரத்துக்கு ஒரு தடவை வருது. தவறாம வருது, ரெண்டு வருஷமா. ஞாயித்துக்கிழமை காலையில பத்தேகாலுக்கு உங்க வீட்டுல என்ன நடக்குது?”

திரையில் வாரம் வாரமாகப் பள்ளம் பள்ளமாக விழுந்து கிடந்தது. ஒவ்வொரு பள்ளமும் அவன் தொட்டிக்குப் பின்னால் நின்று ஜோயலாகச் சிரித்த சிரிப்பு. கீழே போனைக் காதில் வைத்துக்கொண்டு பிள்ளை அழுகையை விழுங்கியிருக்கிறாள். கேக்கிற்கு முட்டை உடைப்பதுபோல யாரோ தன்னை ஒரே தட்டில் உடைத்துவிட்டார்கள் என்றிருந்தது அவனுக்கு. நடந்ததை டாக்டரிடம் சொன்னான்.

கேட்டு முடித்த வஹிதா பேனாவை மூடி வைத்தார். “உள்ள போய் உண்மையைச் சொல்லுங்க” என்றார். “சோதனைக்காக இல்ல. சோதனை ஆகலைன்னாலும் பரவாயில்ல.”

செல்வின் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். மறுபக்கம் ஷீபா. டாக்டரும் நர்ஸும் தள்ளி நின்றார்கள்.

“ரூத்து, அப்பா ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்கப்பா.”

“ஜோயல் சித்தப்பா…” நாலு வருஷமாக நல்லதை மட்டுமே சொல்லிப் பழகிய நாக்கு மேலே போக மறுத்தது. “சித்தப்பா வந்து… கப்பல்ல…”

“கப்பல்ல இல்ல” என்று அவள்தான் கைகொடுத்தாள். “செத்துட்டாரு. எனக்குத் தெரியும்.”

ஷீபா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யாரு சொன்னா?” என்றான் செல்வின்.

“யாரும் சொல்லல. மூணாவது போன்லயே கண்டுபிடிச்சிட்டேன். சித்தப்பா ஒரு விடுகதை போட்டா அடுத்த தடவ வரும்போதுதான் விடை சொல்லுவாரு. எவ்வளவு கெஞ்சினாலும் சொல்லமாட்டாரு. நீங்க நான் ‘ம்…’ன்னு இழுக்கும்போதே சொல்லிட்டிய.”

ஊரில் யாராலும் கண்டுபிடிக்க முடியாத குரல் என்று அவன் நினைத்திருந்தான். தோற்றுத் தோற்றுப் பழகியவன், தம்பி வேஷத்திலும் தோற்றிருக்கிறான்.

“அப்ப அழுகை வரலயா உனக்கு?” என்று கேட்டாள் ஷீபா.

“வரும். நாக்கால பல்ல எண்ணுவேன். மேல எண்ணிட்டுக் கீழ எண்ணுறதுக்குள்ள போயிரும்.”

“தெரிஞ்ச பிறகும் எதுக்கு மக்கா ஒவ்வொரு வாரமும் போன எடுத்த? அப்பாட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?” என்றாள் ஷீபா.

ரூத் கவிகைக்குள்ளிருந்து அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, அம்மாவுக்கு மட்டும் சொல்வதுபோலச் சொன்னாள்.

“கேட்டா அப்பா அழுதுருவாவல்லாம்மா. அப்பா முதுகுலயும் மச்சம் இருக்கு. ஏழு. நான் எண்ணிப் பாத்துருக்கேன்.”

செல்வினுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. மச்சம் உள்ளவர்கள் அழுதால் செத்துப்போவார்கள் என்றுதானே அந்த வீட்டில் அவளுக்குச் சொல்லாமல் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு வருஷமாக அவன் அவளை உயிரோடு வைத்திருப்பதாக எண்ணி மாடியேறினான். அவள் அவனை உயிரோடு வைத்திருக்கப் போனை எடுத்தாள்.

வஹிதா முன்னால் வந்து குனிந்தார். “ரூத், உங்க அப்பாவுக்குக் குழாயெல்லாம் நல்லா அகலமா இருக்கு. உனக்கு ஆபரேஷன் பண்ணும்போதே அவருக்கும் படம் எடுத்துப் பாத்துட்டேன். அவருக்கு வெறும் மச்சம்தான். அவர் எவ்வளவு வேணும்னாலும் அழலாம். ஒண்ணும் ஆகாது.”

“நெசமாவா டாக்டர்?”

“நெசமா.”

“சித்தப்பா செத்த அன்னைக்கு நீங்க அழுதியளாப்பா?”

“இல்ல மக்கா.”

“ஏன்?”

“வீட்டுக்கு வரணும்லா. உனக்குத் தெரிஞ்சிரும்லா.”

“சித்தப்பாக்கு ரொம்ப வலிச்சுதா?”

நல்ல பதில் ஒன்று வழக்கம்போல நுனிநாக்கில் தயாராக வந்து நின்றது. செல்வின் அதை விழுங்கினான்.

“வலிச்சுது. ரொம்ப வலிச்சுது. என் கையப் பிடிச்சுக்கிட்டே இருந்தான்.”

ரூத் தலையாட்டினாள். பிறகு கவிகைக்கு வெளியே கையை நீட்டி அவன் முழங்கையைத் தொட்டாள். “டாக்டர்தான் சொல்லிட்டாங்களே. அழுங்கப்பா.”

செல்வின் அழுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொச்சியில் அழுதிருக்க வேண்டியதை, ஆஸ்பத்திரி முக்காலியில் உட்கார்ந்து, தோள் குலுங்க, வெட்கமில்லாமல் அழுதான். “ஜோயலு, ஜோயலு” என்று தம்பி பெயரைச் சொல்லி அழுதான்.

ரூத் உடனே அழவில்லை. அவன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் கோணுகிறதா என்று பார்த்தாள். அவன் இடது கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, “விரல மடக்குங்க” என்றாள். மடக்கினான். “விரிங்க” என்றாள். விரித்தான். இன்னொரு தடவை மடக்கச் சொன்னாள். எல்லா விரலும் ஒழுங்காக மடங்கியதைக் கண்டபிறகு அவள் உதடு பிதுங்கியது. பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

ஷீபாவின் கையில் காப்பு நாலு நிமிஷமாக அதிர்ந்துகொண்டிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். பழக்கதோஷத்தில் அவள் பாதி எழுந்தாள், கைப்பைக்குள் மிட்டாயைத் தேடியது கை. அப்புறம் காப்பைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு மகளின் காலைக் கட்டிக்கொண்டாள். சுவரில் நீலக்கோடு சறுக்கிக்கொண்டே இறங்கியது. நர்ஸ் மருந்துத் தட்டை எடுத்தாள். வஹிதா கையமர்த்தினார். கோடு இன்னும் கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்று தள்ளாடி, பிறகு மெல்ல மெல்ல மேலேறி, போகிற போக்கில் போக ஆரம்பித்தது. ரூத் ஓங்கி ஓங்கி அழுதுகொண்டிருந்தாள், அது பாட்டுக்கு ஓடியது.

அதை வஹிதாவும் நர்ஸும்தான் பார்த்தார்கள். மற்ற மூன்று பேருக்கும் சுவரைப் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டு நிமிஷம் போதும் என்று சொல்லியிருந்த டாக்டர், இரண்டு நிமிஷம் ஆனதும் ஒன்றும் சொல்லாமல் நர்ஸைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். அன்றைக்குச் சீட்டு வாங்கியிருந்தவர்கள் எல்லோரும் வராந்தாவில் ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.